முப்பது தொட்டில், எட்டுப் பிள்ளை

காப்பகத்தில் முப்பது தொட்டில்கள் இருந்தன. வருகிற பிள்ளைகளோ எட்டு. ஏன் இப்படி என்று எவ்வளவு யோசித்தும் இதலினாவுக்குப் பிடிபடவில்லை.

பார்ரா நோவாவில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? துறைமுகத்துக்கு இறங்குகிற நாலு தெருவிலும் வாசலுக்கு ஒன்று தவழும், ஒன்று ஓடும். வேலைக்குப் போகிற பெண்களுக்கும் குறைவில்லை. மூன்று மீன் டப்பா ஆலைகளிலும் சேர்த்து ஐந்நூறு பேர் சாளை மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சர்வாதிகாரம் கவிழ்ந்த மூன்றாவது வருஷம், உழைக்கும் தாய்மாருக்கென்று அரசாங்கமே கட்டிக்கொடுத்த காப்பகம் அது. வெள்ளையடித்த சுவர், நீலக் கதவு, பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாக வைத்த கைகழுவும் தொட்டி. காசு கிடையாது. மத்தியானம் சூப்பு உண்டு. அப்படியிருந்தும் எட்டு.

காரணம் சொல்ல ஆட்கள் நிறையவே இருந்தார்கள்.

“அங்க வாரத்துக்கு ஒரு ஊசி போடுதாங்களாம்” என்றாள் ஆலை மேசையில் இதலினாவுக்கு எதிரே நின்று மீன் அடுக்குகிற கார்மோ.

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்லுதாங்க. சூப்புல உப்பே கிடையாதாம். உப்பு திங்காத பிள்ளை கடல்ல எறங்குமா? அந்த மலைக்காரி வேற, பேன் பாக்கேன்னு மொட்டை போட்டு விட்டுருவாளாம்.”

மலைக்காரி என்றது காப்பகத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஃபெலிஸ்மினாவை. தக்கை மரக் காட்டுப் பக்கத்துப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது இதலினா அவளை நிறுத்தி, காப்பகத்து அடுப்படிக்கே போய், மிச்சமிருந்த சூப்பை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. இதலினா அப்படிப்பட்டவள். ஆலையில் டப்பா மூடுகிற இயந்திரம் நின்றுபோனால் மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். இவள் மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்று ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இத்தனை துருவியவள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் மகன் நெலியோவும் அந்த எட்டில் இல்லை. அவனுக்குத்தான் தியோலிந்தா இருந்தாளே.

தியோலிந்தா அடுத்த வீடு. நெலியோவின் ஞானத்தாய். ஆலைச் சங்கு ஊதினால் இதலினா தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு சுருட்டி, சுவரைத் தாண்டிக் கொடுப்பாள். அவள் வாங்கித் தன் கட்டிலில் போட்டுக்கொள்வாள். இரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. இப்போது பிரான்சில் கட்டட வேலை பார்க்கிற புருஷன், தியோலிந்தாவை வரச்சொல்லிக் கடிதம் போட்டுவிட்டான்.

“நான் போயிட்டா என்னட்டி பண்ணுவே?” என்று பெட்டியில் காய்ந்த அத்திப்பழத்தை அமுக்கிக்கொண்டே கேட்டாள் தியோலிந்தா.

“காப்பகம் இருக்குல்லா.”

“அதுவா? அது தபாலாபீஸ்காரிக்கும் கடைக்காரிக்கும்.”

“ஏன், நம்ம பிள்ளையள உள்ள விட மாட்டாங்களாமா?”

“விடுவாங்க, விடாம என்ன. நீ கொண்டுபோயிப் பாரேன், தெரியும்” என்றாள் தியோலிந்தா. அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இனி சங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த ஊரில் யார் வேலைக்குப் போவது, எப்போது போவது என்பதைக் கடிகாரம் முடிவுசெய்வதில்லை. சாயங்காலம் வள்ளங்கள் போகும். சாளை பட்டால் விடிகாலை திரும்பும். துறைமுகத்து ஏலக்கூடத்தில் மீன் விலைபோகும். வாங்கிய ஆலை தன் சங்கை ஊதும். ஒரு ஆலைச் சங்கு எருமை மாதிரி கத்தும், ஒன்று கீச்சென்று விசிலடிக்கும், மூன்றாவது இரண்டு தடவை விட்டு விட்டு ஊதும். அவரவர் சங்கு அவரவர் காதுக்குத் தெரியும். பக்கத்து ஆலைச் சங்குக்குப் புரண்டுகூடப் படுக்கமாட்டார்கள். நாலு மணிக்கும் ஊதலாம், ஆறு மணிக்கும் ஊதலாம். சாளை மணிக்கணக்கில் காத்திருக்கிற மீன் இல்லை. வயிறு இளகுவதற்குள் தலையும் குடலும் போய், உப்புத்தண்ணீரில் ஊறி, ஆவியில் வெந்தாகவேண்டும். அதனால் சங்கு ஊதி அரை மணி நேரத்தில் ஆலைக் கதவை அடைத்துவிடுவார்கள். ஒரு பருவத்தில் மூன்று தடவை கதவுக்கு வெளியே நின்றால் மேசையில் இடம் போயிற்று. அந்த இடத்துக்கு ஐம்பது பேர் காத்திருந்தார்கள்.

இதலினாவின் புருஷன் ரொஜேரியோ சாளை வள்ளத்தில் போகிறவன். அவனை வீட்டுக்குக் கொண்டுவருகிற மீன்தான் அவளை வீட்டைவிட்டுக் கிளப்பும். வாசலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கடப்பார்கள். அவனிடம் பிள்ளையை விட்டுப் பார்த்தாயிற்று. இரா முழுக்க வலை இழுத்தவன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனான். நெலியோ இறங்கி நடந்து, படகுத்துறை வரைக்கும் போய்விட்டான். ஒரு நாய்தான் அவனுக்குத் துணை. அன்றைக்கு மாதா காப்பாற்றினாள். தினமும் அவளையே நம்பியிருக்க முடியுமா?

தியோலிந்தா ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினாள். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அவள் ஆலையின் எருமைச் சங்கு கத்தியது. இதலினா பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு, பழக்கத்தில் சுவர் வரைக்கும் போய், பிறகு காப்பகத்துக்கு ஓடினாள்.

நீலக் கதவு பூட்டியிருந்தது. தட்டினாள், உதைத்தாள். ஃபெலிஸ்மினா படுக்கிற மேல்மாடியில் ஒரு அசைவும் இல்லை.

படியில் உட்கார்ந்தாள். மேலே என்ன செய்வது என்று தெரியாமல் தெருவைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் விரிந்தது. கார்மோ இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளுக்கிறவள் வீட்டுப் பக்கம் ஓடினாள். ஒருத்தி மீன்கூடையில் துணி விரித்துக் கைப்பிள்ளையைப் படுக்கவைத்து ஆலைக்கே தூக்கிக்கொண்டு போனாள். மேசைக்கு அடியில் ஒளித்துவைப்பாள், மேஸ்திரி கண்டால் தொலைந்தாள். எட்டு வயசுப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு நின்று அம்மாவுக்குக் கையாட்டினாள். இன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கடலிலிருந்து வந்த ஒருவன் மூடின கண்ணோடு கைக்குழந்தையை வாங்கினான். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, காப்பக வாசலைத் தாண்டியே அத்தனையும் போயின. இதலினா விரல்விட்டு எண்ணினாள். இருபத்தாறு.

எண்ணி முடித்துவிட்டு ஓடினாள். கதவு அடைத்திருந்தது. கம்பிக்கு உள்ளே மேஸ்திரி குஸ்தோதியா நின்றிருந்தாள்.

“ஒண்ணு” என்றாள் குஸ்தோதியா, விரலைத் தூக்கிக் காட்டி.

“பிள்ளைய விட எடமில்லக்கா.”

“எனக்கும் அஞ்சு இருந்துச்சு. மீனுக்கு அதெல்லாம் தெரியாதுட்டி.”

எட்டு மணிக்கு நீலக் கதவு திறந்தது. ஃபெலிஸ்மினா வெள்ளை அங்கியைப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்பது மணிக்குப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக எழுதினாள். தபாலாபீஸ்காரி பிள்ளை, மருந்துக்கடைக்காரி பிள்ளை, டீச்சர் பிள்ளைகள் இரண்டு, இப்படி எட்டு. நெலியோவோடு ஒன்பது.

“பாத்தீங்களா?” என்றாள் ஃபெலிஸ்மினா. “தினமும் இதே கதைதான். இருபத்தெட்டாம் தேதி மாவட்ட அலுவலகத்துலேருந்து தோனா கிராசியேத்னு ஒரு அதிகாரியம்மா வர்றாங்க. இருபது பிள்ளைக்குக் கம்மியா இருந்தா தொட்டிலையெல்லாம் வேற ஊருக்கு ஏத்திடுவாங்களாம். உங்க ஊர் அம்மாக்களுக்குப் பிள்ளை மேல அக்கறை இல்லையோன்னு கூட எனக்குத் தோணும். எட்டு மணிக்கு ஜன்னலைத் தெறந்தா தெருவுல ஒருத்தரும் இல்ல. இன்னும் எந்திரிக்கலைன்னு நெனச்சுப்பேன்.”

இதலினாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. “எந்திரிக்கலையா? அஞ்சு மணிக்குச் சங்கு ஊதுச்சே, கேக்கலையா?”

“அதுவா? கப்பலுக்கு ஏதோ ஊதுறாங்கன்னு நெனச்சேன். வந்த முதல் நாளே தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுலேருந்து காதுல பஞ்சு வச்சுட்டுதான் படுக்கிறேன்.”

இதலினா அவளையே பார்த்தாள். மெக்கானிக்கின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்போது திருகு எங்கே கழன்றிருக்கிறதென்று சட்டென்று கண்ணில் படுமே, அப்படிப் பட்டது.

“இங்க பாரு தாயி. அஞ்சு மணிக்குச் சங்கு. அஞ்சரைக்கு ஆலைக் கதவு அடைப்பு. நீ தெறக்கது எட்டு மணிக்கு. அந்நேரம் நாங்க மேசையில நிக்கோம், கையெல்லாம் குடலு. பிள்ளை அதுக்குள்ள எவ வீட்டுலயோ படுத்தாச்சு. அத அங்கேருந்து எடுத்து இங்க கொண்டாந்து விட யாரு இருக்கா?”

“சரி, மீன் இல்லாத நாள்ல கொண்டு வரலாமே?”

“மீன் இல்லாத நாளு நான் வீட்டுலல்லா இருக்கேன்! என் பிள்ளைய நான் வச்சுக்க மாட்டனா?”

ஃபெலிஸ்மினா பதிவேட்டைத் திரும்பப் புரட்டிப் பார்த்தாள். மீன் உள்ள நாள் சங்கு முந்திவிடுகிறது. மீன் இல்லாத நாள் தாயே வீட்டில் இருக்கிறாள். இரண்டு நாளிலும் தொட்டில் காலி. ஊரில் பிறந்தவர்களுக்குச் சங்கு மூச்சு மாதிரி. அதுதான் காரணம் என்று நினைக்கவே தோன்றவில்லை. வெளியே இருந்து வந்தவளோ காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

“அப்ப நான் சங்குக்குத் தெறக்கணும்” என்றாள் ஃபெலிஸ்மினா மெதுவாக. “விதியில எட்டு மணின்னு போட்டிருக்கே.”

“எட்டுக்கு முன்னால தெறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?”

ஃபெலிஸ்மினா உள்ளே போய் விதித்தாளை எடுத்துவந்து இரண்டு பக்கமும் படித்தாள். போட்டிருக்கவில்லை.

உதவிக்கு இருந்த ஒடேத் உள்ளூர்க்காரி. மூன்று பேரும் உட்கார்ந்து நேரத்தைப் பங்கு பிரித்தார்கள். சங்கு ஊதும் நாளில் ஃபெலிஸ்மினா விடிகாலை திறந்து மத்தியானம் போய்ப் படுக்கவேண்டியது. ஒடேத் எட்டு மணிக்கு வந்து, மீன் தீர்ந்து கடைசித் தாய் வரும்வரை இருக்கவேண்டியது. சங்கு ஊதாத நாளில் எட்டுப் பிள்ளைக்கு ஒருத்தி போதும், மாறி மாறி. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு முன்னைவிட ஒரு மணி நேரம்கூட அதிகமில்லை. ஆலையில் இதலினா மேசை மேசையாகப் போய்ச் செய்தி சொன்னாள். ஊசி, உப்பு, மொட்டை மூன்றுக்கும் பதில் சொன்னாள்.

வியாழக்கிழமை நாலே முக்காலுக்கு எருமை கத்தியது. ஃபெலிஸ்மினாவின் காதில் பஞ்சு இல்லை. எழுந்தாள், அங்கியைத் தேடினாள், விளக்கைப் போட்டாள், படியிறங்கினாள், அடுப்பை மூட்டினாள், கதவைத் திறந்தாள். இருபது நிமிஷம். வாசலில் பத்தொன்பது பிள்ளைகளும் பன்னிரண்டு தாய்களும். ஒவ்வொரு பிள்ளையாகப் பேரெழுதி, ஈரத்துணி மாற்றி, அழுகிறதைப் பிரித்து வாங்க இன்னும் இருபது. கடைசியாக நின்றது இதலினா. எல்லாரையும் வரச்சொல்லிவிட்டுத் தான் முந்துவதற்கு அவளுக்கு மனசில்லை.

ஆலைக் கதவு அடைத்திருந்தது. இவளோடு கார்மோவும் இன்னொருத்தியும் வெளியே.

“ரெண்டு” என்றாள் குஸ்தோதியா. இந்தத் தடவை அவள் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. “மூணாவதுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டியா. பேரு அடிச்சிருவாங்க.”

“நல்லாத்தான் வழி காட்டினே” என்றாள் கார்மோ திரும்பி நடக்கும்போது. “வெளுக்கிறவ வீட்டுல விட்டிருந்தா இந்நேரம் நூறு மீனு கிள்ளியிருப்பேன். நாளைக்கு நான் வரல. ஆள விடு.”

வீட்டில் ரொஜேரியோ சோளக் கூழில் சாளையைப் பிட்டுப் போட்டுத் தின்றுகொண்டிருந்தான். இதலினா எதிரே உட்கார்ந்தாள்.

“இருபது நிமிசம். அந்த இருபது நிமிசம் மட்டும் முந்திக் கெடைச்சாப் போதும். சங்கு ஊதுமுன்ன சங்கு ஊதப்போவுதுன்னு அவளுக்குத் தெரியணும். அது யாருக்குத் தெரியும்?”

“மீனுக்குத் தெரியும்” என்றான் அவன் தூக்கக் கலக்கத்தில்.

“வெளையாடாதீரும்.”

“பின்ன என்ன? நாங்க எறக்குதோம். ஏலம் போவுது. எந்த ஆலைக்குன்னு சீட்டு எழுதி அபிலியோ சைக்கிள்ல கொண்டுபோறான். ஆலையில கொதிகலன்ல ஆவி ஏறணும்லா, அதுக்கப்புறம்தான சங்கு ஊத முடியும். சீட்டு போயி அரை மணி ஆவும் சத்தம் வர.”

இதலினா எழுந்துவிட்டாள். “அபிலியோ எந்த வழியாப் போவான்?”

“எல்லா ஆலைக்கும் ஒரே வழிதான. கோயிலச் சுத்தி, காப்பகத்த ஒட்டி…” சொல்லிவிட்டு, கரண்டி அந்தரத்தில் நிற்க, அவனே மனைவியைப் பார்த்தான்.

அபிலியோ ஏலக்கூடத்துச் சீட்டுக்காரன். பேச்சில் எலுமிச்சம்பழப் புளிப்பு. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் முழுதும் கேட்டுவிட்டு, “நான் ஏலக்கூடத்து ஆளு. கண்ட பொம்பள சன்னலத் தட்டுனேன்னு ஊரு சிரிக்கவா? எம் பொண்டாட்டி காதுல விழுந்தா சைக்கிள் பம்பாலயே போடுவா” என்றான்.

“உம்ம பொண்டாட்டிகிட்டயும் கேட்டுட்டுத்தான் வாரேன் அண்ணே. உம்ம பேத்தியும் அங்கதான் வரப்போறா.”

அபிலியோ துடைப்பதை நிறுத்தினான். “எறங்கணுமா?”

“வேண்டாம். போற போக்குல கைய நீட்டிக் கீழ் சன்னல்ல ஒரு தட்டு, மாடிக்குக் கேக்கும்.”

மறுநாள் விடியலில் தட்டினான். கண்ணாடி உடையுமளவுக்குத் தட்டினான். ஃபெலிஸ்மினா எழுந்து, அடுப்பு மூட்டி, பால் சுடவைத்து, தொட்டில்களின் போர்வையை விலக்கி, கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு நின்றபோதுதான் சங்கு ஊதியது. பேரெழுதுகிற வேலையை எட்டு மணிக்கு வருகிற ஒடேத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தாய்கள் நீட்ட நீட்ட அவள் வாங்கினாள். கூடையிலிருந்த கைப்பிள்ளை வந்தது. எட்டு வயசுக்காரி தம்பியை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பையை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். இரண்டு நாள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்த கார்மோ, மூன்றாம் நாள் தன் இரண்டையும் ஒன்றும் பேசாமல் நீட்டினாள். அந்த வாரம் பதிவேட்டில் இருபத்தேழு, முப்பத்தொன்று, முப்பது. ஃபெலிஸ்மினா ஓரத்தில் சங்கு ஊதின நேரத்தையும் குறித்தாள்.

இருபத்தேழாம் தேதி கிழக்குக் காற்று எழும்பியது. தெருவெல்லாம் மணல். ஒரு வள்ளமும் போகவில்லை. இருபத்தெட்டாம் தேதி ஒன்பது மணிப் பஸ்ஸில், தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு தோனா கிராசியேத் வந்து இறங்கினார். காப்பகத்தில் எட்டுப் பிள்ளைகள்.

ஃபெலிஸ்மினா ஒடேத்தை அனுப்பினாள். இதலினா நெலியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

தோனா கிராசியேத் பதிவேட்டைப் புரட்டினார். “முப்பத்தொன்னு, முப்பது, அப்புறம் எட்டு. இது என்னம்மா, நேத்து வந்தவங்க இன்னைக்கு எங்கே? யாரோ எனக்காகப் பேர் சேர்த்து எழுதின மாதிரி இருக்கே.”

“இல்லம்மா” என்றாள் இதலினா. “ஓரத்துல பாருங்க, சங்கு நேரம் போட்டிருக்கு. நேரம் இல்லாத நாளு எட்டு. நேரம் உள்ள நாளு முப்பது.”

“நான் எழுதவேண்டியது இன்னைக்கு உள்ளதைத்தான். இன்னைக்கு எட்டுதானே?”

“ஆமா. இன்னைக்கு ஆலையில எத்தன மீனு தெரியுமா அம்மா?”

“எத்தனை?”

“ஒண்ணு கூட இல்ல. வாங்க, வந்து பாருங்க. மேசையெல்லாம் காஞ்சு கெடக்கு. அதுக்காக ஆலையப் பேத்து வேற ஊருக்கு யாராச்சும் ஏத்துனாங்களா?”

ஃபெலிஸ்மினா பயந்து தரையைப் பார்த்தாள். தோனா கிராசியேத் பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். வாய் ஓரத்தில் ஏதோ துடித்தது. “நல்லா பேசுறீங்க. ஆனா நான் கண்ணால பாக்காம எழுதமாட்டேன்.”

“அப்ப இருந்து பாருங்க. காத்து சாயங்காலத்துக்குள்ள விழுந்துரும்னு எம் புருசன் சொல்லுதாரு. அவரு பொய் சொல்லுவாரு, ஆனா காத்த வச்சுப் பொய் சொல்ல மாட்டாரு.”

மூன்று மணிக்குக் காற்று விழுந்தது. சாயங்காலம் வள்ளங்கள் வரிசையாகப் போயின. தோனா கிராசியேத் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு ஃபெலிஸ்மினாவின் கட்டிலில் படுத்தார்.

நாலே காலுக்குக் கீழ் ஜன்னல் அதிர்ந்தது. “ஐயோ, என்னது!” என்று எழுந்து உட்கார்ந்தார். “சாளைம்மா” என்று சொல்லிக்கொண்டே ஃபெலிஸ்மினா படியிறங்கினாள். தோனா கிராசியேத் கீழே வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எருமைச் சங்கு கத்தியது. சற்று நேரத்தில் விசில் சங்கும் கத்தியது. நாலு தெருவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். தலையில் துணி, கையில் சாப்பாட்டுப் பாத்திரம், தோளில் தூங்குகிற பிள்ளை. நிற்கவில்லை. நீட்டினார்கள், போனார்கள். இரண்டு கை போதாமல் ஃபெலிஸ்மினா திணறியபோது தோனா கிராசியேத் தாமே கை நீட்டி ஒரு பிள்ளையை வாங்கினார். அது நெலியோ. வாங்கினவர் யாரென்றுகூடப் பார்க்காமல் அவர் தோளில் வாயைத் திறந்து தூங்கினான்.

“எட்டு மணிக்கு வர்ற எட்டையும் சேத்தா முப்பத்திரண்டு” என்றார் தோனா கிராசியேத் வாசல் வெறிச்சோடியதும். “தொட்டில் ரெண்டு குறையுதே.”

இதலினா ஆலைக் கதவில் நுழைந்தபோது இன்னும் பத்து நிமிஷம் மீதியிருந்தது. குஸ்தோதியா தூக்கத் தயாராக வைத்திருந்த விரலை மடக்கிக்கொண்டாள். “சீக்கிரம் போ, மீனு காத்துக் கெடக்கு” என்றாள். மேசையில் சாளை குவிந்து வெள்ளியாய் மின்னியது. எதிரே கார்மோ ஏற்கெனவே கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் தோனா கிராசியேத் எழுதியது இவ்வளவுதான். பார்ரா நோவா காப்பகம் மூடப்படாது. கூடுதலாக இரண்டு தொட்டில் வேண்டும். மீன் விலைபோனதும் ஏலக்கூடத்துச் சீட்டுக்காரர் போகிற வழியில் காப்பகத்து ஜன்னலைத் தட்டுவார். தட்டியதும் காப்பகம் திறக்கும். சங்கு ஊதுவது அதற்குப் பிறகு.